நல்ல தளமெல்லாம் எங்க போச்சு? போட்டோஸ்டேட் கடையிலருந்து ஒரு விளக்கம்

எங்க அக்காவோட போட்டோஸ்டேட் கடை மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பட்டணத்துல இருக்கு, சனிக்கிழமையானா நான்தான் அங்க உக்காந்திருப்பேன். போர்டுல போட்டோஸ்டேட்னு எழுதியிருந்தாலும் வர்ற ஆளுல பாதி பேரு கையில பேப்பர் இருக்காது, ஹேன்போன்தான் இருக்கும். "தம்பி, இந்த ஃபோட்டோ ஏற மாட்டேங்குது", "இந்த லிங்க் உண்மையா பொய்யா பாத்துச் சொல்லு", "இபிஎஃப் பாஸ்வர்டு மறந்துட்டேன்யா" (இபிஎஃப்னா சேமநிதி) இப்படியே போகும் பொழுது. நான் கவனிச்சது என்னன்னா, இவங்க கேக்குற வேலைல முக்காவாசிக்கு ஏற்கனவே நல்ல இலவச இணையத் தளம் இருக்கு, நேத்து வந்ததுகூட இல்ல, பல வருஷமா இருக்கு. ஆனா தினம் மூணு மணி நேரம் டிக்டாக்குல கெடக்குற ஆளுக்குக்கூட அது கண்ணுல பட்டதே இல்ல. அது எப்படி? இதை யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தக் கட்டுரை.

முன்ன தளத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குன்னே தனி வழி இருந்துச்சு. யாஹூ 1994-ல ஆரம்பிச்சப்போ ஸ்டான்ஃபோர்டுல படிச்சிட்டிருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் அவங்களுக்குப் பிடிச்ச தளத்தையெல்லாம் தலைப்பு வாரியா அடுக்கி வெச்ச பட்டியல்தான் அது, அவ்வளவுதான். 1998-ல டிமாஸ் வந்துச்சு, சம்பளம் வாங்காத ஆளுங்க ஒவ்வொரு தளமா திறந்து பாத்து, சரின்னு பட்டா ஏத்துவாங்க. 2001-ல கனடாவுல ஸ்டம்பிள்அப்பான் தொடங்குச்சு, இதுல ஒரே ஒரு பட்டன், அமுக்குனா எங்கேயோ ஒரு மூலையில கெடக்குற தளத்துல கொண்டு போய் விடும், பிடிச்சிருந்தா கட்டைவிரலைத் தூக்கு, இல்லையா மறுபடியும் அமுக்கு. கூகுள் ரீடர் 2005-ல வந்துச்சு, நீ சொல்லி வெச்ச தளத்துல புதுசா எது வந்தாலும் ஒரே எடத்துல சேத்துக் குடுக்கும்.

அந்தக் காலத்துல பட்டணத்து சிசி-ல, அதான் சைபர் கஃபேல, ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து நாங்க போய் உக்காருவோம். என் கூட்டாளி ஒருத்தன் கணக்குப் புத்தகத்துக்குப் பின்பக்கம் தள முகவரியா எழுதி வெச்சிருப்பான், 2 வெள்ளிக்கு எதைப் பாக்கணும்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுத்தான் கெளம்பி வருவான். இப்ப நெனச்சா சிரிப்பா இருக்கு, ஆனா அந்தப் புத்தகமும் ஒரு சின்ன யாஹூதான்லா.

இதெல்லாம் ஒன்னு ஒன்னா இழுத்து மூடிட்டாங்க. ரீடர் 2013 ஜூலையில போச்சு, யாஹூ பட்டியல் 2014 கடைசில, டிமாஸ் 2017 மார்ச்ல, ஸ்டம்பிள்அப்பான் 2018 ஜூன்ல. காரணம் ரொம்பப் பெரிய மர்மம் ஒன்னும் இல்ல. இதுங்க எல்லாமே உன்னைய வெளிய அனுப்புற சாமான், வழி காட்டி அனுப்பிட்டா நீ அங்க போயிருவ, அப்புறம் உனக்கு விளம்பரம் காட்டுறது யாரு? ஃபேஸ்புக்கும் டிக்டாக்கும் நேர் எதிர், நீ உள்ளயே இருந்தாத்தான் அவங்களுக்குக் காசு. அதனால வெளிய போற லிங்க் அங்க எப்பவும் மாத்தாந்தாய்ப் பிள்ளைதான். சரி கூகுள்ல தேடலாமேன்னா, "பிடிஎஃப் சின்னதாக்கு"ன்னு போட்டா மேல நாலஞ்சு விளம்பரம், அதுக்குக் கீழ ஏஐ எழுதுன பதில், அதுக்கும் கீழ தேடல்ல முன்னுக்கு வர்றதுக்குன்னே எழுதுன பக்கங்க. காசு வாங்காம எவனோ ஒருத்தன் ராத்திரி கண்ணு முழிச்சு செஞ்ச தளம் எங்கயோ அடியில கெடக்கும். 2024 மே மாசம் கூகுளே "வெப்"-னு ஒரு வடிகட்டிய வெச்சாங்க, படம், வீடியோன்னு வரிசையா இருக்குமே அதுல தள்ளிப் பாத்தா கெடைக்கும், அதைத் தொட்டா ஏஐ பதில் எல்லாம் போயி பழைய மாதிரி வெறும் லிங்க்கா வரும். இதை நான் சொல்லிக் குடுக்காத ஆளு கடைக்கு வந்ததில்ல.

ஒரு வேலைய கிட்ட வெச்சுப் பாப்போம். போன மாசம் எஸ்பிஎம் (இங்க ஐந்தாம் படிவப் பரீட்சை) முடிச்ச புள்ள ஒன்னு அம்மாவோட வந்துச்சு, ஏதோ விண்ணப்பத்துக்கு சர்டிபிகேட்டை ஏத்தணுமாம், அந்தத் தளம் 1 எம்பிக்கு மேல போனா வாங்க மாட்டேங்குது, இது ஹேன்போன்ல புடிச்ச ஃபோட்டோ 5 எம்பி. ரெண்டு நாளா போராடியிருக்கு பாவம். ஒரு ஆப் இறக்கியிருக்கு, அது வாரத்துக்கு இவ்வளவுன்னு சந்தா கேட்டிருக்கு, அம்மா டாப் அப் காசுல கையை வைக்காதேன்னு திட்டு. நான் ஸ்கூஷ்-னு ஒரு தளத்தைத் திறந்தேன். கூகுள் குரோம் ஆளுங்க 2018-ல வெளியிட்டது, விளம்பரமும் இல்ல, பேரு குடு ஈமெயில் குடுன்னு கேள்வியும் இல்ல. படத்தைப் போட்டா நடுவுல ஒரு கோடு வரும், கோட்டுக்கு ஒரு பக்கம் பழைய படம், இன்னொரு பக்கம் சுருக்குன படம், கோட்டை இழுத்து இழுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். தரத்தைக் குறைக்கக் குறைக்க கீழ சைஸ் எறங்கிக்கிட்டே வரும். அந்தப் புள்ள கோட்டை அப்படியும் இப்படியும் தள்ளி, தன் பேருக்குக் கீழ இருக்குற ஐசி (அடையாள அட்டை) நம்பரு தெளிவா தெரியுதான்னு பாத்துச்சு, தெரிஞ்சுச்சு, 400 கேபி-ல நிறுத்திருச்சு. "அவ்ளோதானா அண்ணே?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்.

எப்படி 5 எம்பி 400 கேபி ஆகுது, எங்க போகுது மிச்சம்? ஜேபெக் படம்னா, நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்த நல்லா பிடிக்கும், நிறத்துல சின்னச் சின்ன வித்தியாசத்த அவ்வளவா பிடிக்காது, அந்த பலவீனத்த வெச்சு வேலை செய்யுற சாமான். கண்ணுக்குத் தெரியாத விவரத்த மொதல்ல தூக்கிப் போடும், இன்னும் குறைச்சா தெரியறதையும் தூக்க ஆரம்பிக்கும், எழுத்தோட ஓரத்துல கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா வந்துச்சுன்னா அதுக்கு மேல போகாதன்னு அர்த்தம்.

ஆனா நான் இங்க சொல்ல வந்த முக்கியமான விஷயம் அது இல்ல. அந்தப் படம் அந்தப் புள்ளையோட ஹேன்போனை விட்டு வெளிய போகவே இல்ல. இதை நிறைய பேரு நம்ப மாட்டேங்குறாங்க. தளம்னா நாம குடுக்குறது எங்கயோ இருக்குற கம்ப்யூட்டருக்குப் போயி வேலை முடிஞ்சு திரும்பி வரும்னுதான் நெனப்பு, முன்ன அப்படித்தான் இருந்துச்சு, இப்பவும் பிடிஎஃப் தளங்கள்ல நெறைய அப்படித்தான், ஐசி, சம்பள சிலிப்பு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாத்தையும் ஏத்திவிட்டுட்டு அவன் அழிச்சிருப்பான்னு நம்பிக்கிட்டு இருக்கோம். 2017-ல நாலு பெரிய பிரவுசருக்குள்ளயும் வெப்அசெம்ப்ளின்னு ஒரு வசதி வந்துச்சு, அதனால கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற மாதிரி கனமான புரோகிராமே பிரவுசருக்குள்ள ஓட ஆரம்பிச்சுது. ஸ்கூஷ் ஓடுறது அதுலதான். செக் குடியரசுல வளர்ந்த இவான் குட்ஸ்கிர்-னு ஒரு ஆளு 2013-லருந்து நடத்துற ஃபோட்டோபியாவும் பிரவுசருக்குள்ளயேதான் ஓடுது, ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கும், ஃபைல் உன் கம்ப்யூட்டர்லயே திறந்து அங்கயே மூடும். அக்கா கடையில கல்யாண பேனருக்கு அதைத்தான் வெச்சிருக்கோம்.

எது உள்ள ஓடுது எது வெளிய அனுப்புதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நான் பண்றது ரொம்பச் சாதாரணம்: தளத்தைத் திறந்து முழுசா லோட் ஆன பெறகு ஏரோபிளேன் மோடு போட்டுருவேன். அதுக்கப்புறம் ஃபைலைக் குடுத்துப் பாப்பேன். வேலை நடந்துச்சுன்னா அது உன் கையிலயே நடக்குது. சுத்திக்கிட்டே நின்னுச்சுன்னா ஃபைல் எங்கயோ பயணம் போகக் காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் அந்தப் பக்கத்தை மூடிட்டுத்தான் திரும்ப லைனை (சிக்னலை) போடுவேன், கொஞ்சம் சந்தேகப் புத்தி எனக்கு. இன்னொரு நன்மை, தோட்டத்துப் பக்கம் ஒரு கோடு லைன் வந்தாலும் இந்த மாதிரி தளம் ஓடும், ஒரு தடவை திறந்தா போதும்.

லைன் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். சில பக்கத்தைத் திறந்தா எழுத்து வர்றதுக்கு முன்ன விளம்பரம் வந்து டேட்டாவ பாதி தின்னுருது. யூபிளாக் ஆரிஜின்-னு ரேமண்ட் ஹில் 2014-ல செஞ்ச ஒரு பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கு, விளம்பரம் எந்த எந்த முகவரியிலருந்து வருதுன்னு ஆளுங்க சேத்து வெச்ச பட்டியல வெச்சுக்கிட்டு, அந்த முகவரிக்குப் போற கோரிக்கையவே வாசல்ல மறிச்சிரும். வந்ததை மறைக்கிறதில்ல, வரவே விடறதில்ல, அதனாலதான் டேட்டா மிச்சம். குரோம் தன்னோட நீட்சி விதிய மாத்துனதுல கம்ப்யூட்டர் குரோம்ல இது ஓடாம போச்சு, லைட்-னு சுருக்குன பதிப்புதான் இப்ப அங்க. ஹேன்போன் குரோம்ல நீட்சியே போட முடியாது. அதனால ஆண்ட்ராய்டு வெச்சிருக்குறவங்களுக்கு நான் ஃபயர்ஃபாக்ஸ்தான் போட்டுக் குடுக்குறேன், அதுல 2023 டிசம்பர்லருந்து நீட்சிகளை நல்லாத் திறந்து விட்டுட்டாங்க. விளம்பரத்துலதான் அந்தத் தளக்காரன் சோறு திங்குறான்னு ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன், நல்ல தளத்துக்கு நானும் தடைய எடுத்து விட்டுருக்கேன். ஆனா இபிஎஃப் பாக்க வந்த மாமா "உங்க ஹேன்போன்ல வைரஸ்"னு வர்ற பொய் விளம்பரத்தத் தொட்டுட்டு மூஞ்சி வெளுத்து ஓடி வர்றத ரெண்டு தடவை பாத்தவனுக்கு அந்த நியாயம் அவ்வளவா ஒட்டாது.

இப்ப ரப்பர் பால் விலைக் கதைக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர் இருக்கு, கோப்பையில உறைஞ்ச கட்டிப்பாலை எடுத்துட்டுப் போயி தவுக்கே (வாங்குற முதலாளி) கிட்ட போடுவாரு. மலேசிய ரப்பர் வாரியத் தளத்துல தினமும் விலை போடுறாங்கன்னு நான் காட்டுனேன். அடுத்த வாரமே கொதிச்சுப் போயி வந்தாரு. "டேய், கவர்மெண்டு சொல்ற விலையில பாதிதான்டா குடுக்குறான், இத்தனை வருஷமா ஏமாத்தியிருக்கான்!" மோட்டாரை எடுத்துட்டு சண்டைக்கே கெளம்பிட்டாரு, நான்தான் உக்கார வெச்சேன்.

விஷயம் என்னன்னா, வாரியம் போடுற கட்டிப்பால் விலை நூத்துக்கு நூறு காஞ்ச ரப்பருக்கு. நாம கொண்டு போற கட்டியில ஏறக்குறைய பாதி தண்ணி. சும்மா கணக்குக்கு தளத்துல கிலோவுக்கு 600 சென்னு, அதாவது 6 வெள்ளின்னு இருந்தா, தவுக்கே உன் பாலை 50 விழுக்காடுன்னு எடுத்துக்கிட்டா 3 வெள்ளி வரும், அதுலருந்து அவன் லோரிக் கூலி, லாபம் போவும். அப்போ சண்டை போட வேண்டிய எடம் விலை இல்ல, அந்த விழுக்காடு. எத்தனைன்னு போடுறாரு, கண்ணால பாத்தே சொல்றாரா, நேத்து மழையில நனைஞ்ச கட்டிக்கும் நாலு நாள் காஞ்ச கட்டிக்கும் ஒரே விழுக்காடா? பெரியப்பா இப்ப போனதும் மொதல்ல கேக்குறதே "எத்தனை பர்சென்ட்டு?"தான். செம்பனைக்கும் இதே மாதிரிதான், செம்பனை வாரியம் பழத்துக்குப் போடுற விலை, எண்ணெய் பிழிபடுற அளவுல 1 விழுக்காட்டுக்கான விலை. அது 40 வெள்ளின்னு வெச்சு, உன் பழம் 19 விழுக்காடுன்னு வாங்குனா டன்னுக்கு 760 வெள்ளி. தளம் எண்ணைத்தான் குடுக்கும், அந்த எண்ணு எதோட எண்ணுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும். நல்ல தளம் பரவாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

கவர்மெண்டு தளம்னா கடுப்பு வரும்னு பேரு, ஆனா அதுல சிலது தங்கம். வெள்ளத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையோட இன்ஃபோ பஞ்சிர் இருக்கு, ஆத்துத் தண்ணி எத்தனை மீட்டர்ல நிக்குதுன்னு நிலையம் நிலையமா வரும், சாதாரணம், உஷாரு, எச்சரிக்கை, ஆபத்துன்னு நாலு படி. மழை பிச்சுக்கிட்டு ஊத்துறப்போ வாட்ஸ்அப்புல வர்ற போன வருஷத்து வீடியோவப் பாத்து பதறாம இதைப் பாக்கலாம். காசு அனுப்புறதுக்கு முன்ன போலீஸோட செமாக் மியூல் தளத்துல அந்த பேங்க் கணக்கு நம்பரையோ ஃபோன் நம்பரையோ போட்டா, அதுமேல புகார் இருக்கான்னு காட்டும். ஒரு எச்சரிக்கை: புகார் இல்லைன்னு வந்தா நல்லவன்னு அர்த்தம் இல்ல, போன வாரம் திறந்த கணக்கு மேல யாரு இன்னும் புகார் குடுத்திருப்பா. அனுப்பியே தொலைச்சிட்டா உடனே 997-க்கு அடிக்கணும், 2022 அக்டோபர்லருந்து அந்த எண் இருக்கு, காசு அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள மறிக்கணும், அதனால அழுறதெல்லாம் அப்புறம், மொதல்ல ஃபோன். பிரவுசர்ல பூட்டுப் படம் தெரியுதே, அப்ப நல்ல தளந்தானேன்னு கேப்பாங்க. நீ அனுப்புறத நடுவுல யாரும் படிக்க முடியாதுங்கறதுக்கு மட்டுந்தான் அந்தப் பூட்டு, அந்தப் பக்கம் உக்காந்திருக்குறவன் திருடனாங்கறதுக்கு அது சாட்சி சொல்லாது. முகவரி கடைசில கோவ் டாட் மை-ன்னு முடியுதான்னு பாக்குறது அதைவிட உருப்படி.

தமிழுக்கு வந்தா, நாம பெருமைப்பட விஷயம் இருக்கு. ஹேன்போன்ல ஆங்கில எழுத்தத் தட்டி தமிழ் வர வைக்கிறோமே, அந்த வேலையில நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் 1980கள்லயே எறங்கிட்டாரு, முரசு அஞ்சல், செல்லினம் ரெண்டும் அவரோடதுதான். 1998 பொங்கலன்னைக்கு சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் தொடங்குன மதுரைத் திட்டத்துல சங்க இலக்கியத்துலருந்து எல்லாம் சும்மாவே கெடைக்கும், உலகம் பூரா ஆளுங்க தட்டச்சு பண்ணிக் குடுத்தது. தமிழ்ப்பள்ளி டீச்சருங்க இதைத் தெரியாம ஐம்பது வெள்ளிக்கு பெண்டிரைவ் வாங்குறத நான் பாத்திருக்கேன்.

விளையாட்டுக்கும் ஒன்னு ரெண்டு சொல்லணும்ல. ரேடியோ கார்டன், நெதர்லாந்துல 2016-ல வந்தது, உருண்டை பூமிய விரலால சுத்தி எங்க பச்சைப் புள்ளி இருக்கோ அங்க நிறுத்துனா அந்த ஊரு ரேடியோ நேரடியா பாடும். எங்க பாட்டி கோயமுத்தூர்ல நிறுத்துச்சு, அங்க விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, "இங்கயும் இதேதானா"ன்னு யாழ்ப்பாணத்துக்குத் தள்ளிருச்சு. ஃப்ளைட்ரேடார்24 பசங்களுக்கு. தலைக்கு மேல போற பிளேன் தானே தன் எடத்தையும் உயரத்தையும் ரேடியோவுல சொல்லிக்கிட்டே போகுது, ஊருக்கு ஊரு ஆளுங்க வீட்டுக் கூரையில சின்ன ஆன்டெனா வெச்சு அதைப் பிடிச்சு அனுப்புறாங்க, அதான் ரகசியமே.

எங்க ஆளுங்களுக்கு நான் கடைசியா காட்டுறது சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி. 1800கள்லருந்து மலாயா பத்திரிகைங்க ஸ்கேன் பண்ணி இலவசமா இருக்கு, தமிழ் முரசும் இருக்கு. தோட்டத்துப் பேரை ஆங்கிலத்துல போட்டுத் தேடுனா, வெள்ளைக்கார மேனேஜர் மாறுன சேதி, வேலை நிறுத்தம், கால்பந்துப் போட்டி எல்லாம் வரும். பக்கத்துல இருக்குற எல்ஃபில் தோட்டத்துப் பேரைப் போட்டா 1948 ஜூன் 16-ல அந்தத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரைச் சுட்டுக் கொன்ன சம்பவமும், அதுக்குப் பின்னால மலாயாவுல வெள்ளைக்காரன் அறிவிச்ச அவசரகாலமும் அந்த நாள் அச்சுலயே படிக்கலாம். ஒரே எழுத்துக்கூட்டுல தேடி விட்டுராதீங்க, பழைய பேப்பரு, கம்ப்யூட்டரு எழுத்தத் தப்பாப் படிச்சிருக்கும், மாத்தி மாத்திப் போடணும்.

அதே ஆர்வத்துல எங்க அப்பாவ உக்கார வெச்சு கூகுள் எர்த்துல டைம்லாப்ஸ் போட்டுக் காட்டுனேன். 1984-லருந்து வருஷத்துக்கு ஒரு படமா, வானத்துலருந்து பாத்த மாதிரி ஓடும். அவரு வேலை செஞ்ச தோட்டம் இப்ப தாமானாயிருச்சு, அதான் வீடமைப்புப் பகுதி. ஆரம்ப வருஷமெல்லாம் மங்கலா இருந்துச்சு, அப்புறம் பச்சை, அப்புறம் ஒரு ஓரத்துல செம்மண்ணு, அப்புறம் சாம்பல் நிறத்துல கூரைங்க. அப்பா கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு ஆத்து வளைவ வெச்சு வேலைக்காட்டுப் பாதைய கண்டுபிடிச்சிட்டாரு. "கோயில் எங்கடா?"ன்னாரு. பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்துல ஒரு புள்ளின்னா தரையில 30 மீட்டருப்பா, நம்ம மாரியம்மன் கோயிலு அதைவிடச் சின்னது, தெரியாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் வளைவுக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி மேல விரலை வெச்சாரு.

"இதுக்குள்ளதான் இருக்கு. தொண்ணூறுக்கு ஓட்டு, தொழிலாளிங்க குடியிருந்த லயம் இருந்துச்சான்னு பாப்போம்."